ஹாரிசன் பிகேயின் நவஹோ ஓவியங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஹாரிசன் பிகே யார்? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

பதில்: அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒயிட் கோன் என்ற ஊரில் பிறந்த ஓவியர். நவஹோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்தவர். சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். 1934இல் சாண்டா ஃபே நகரில் பூர்வகுடி மாணவர்களுக்கென இருந்த ‘இந்தியப் பள்ளி’யில் சேர்ந்து, ஆசிரியர் டோரதி டன்னிடம் ஓவியம் படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் இருந்தார். 1954இல் பிரெஞ்சு அரசு அவருக்கு விருது கொடுத்தது. 2012இல் காலமானார்.

கேள்வி: அவர் படங்களில் மான் இருக்கிறது, குதிரை இருக்கிறது. ஆனால் தொடுவானம் இல்லை, நிழலும் இல்லை. அப்படி வரையத் தெரியாதா?

பதில்: தெரியாமல் இல்லை. நிழலும் தூரக்காட்சியும் வேண்டாம், தட்டையான வண்ணமும் தெளிவான கோடும் போதும் என்பதுதான் டன்னின் பாடம். பூர்வகுடிக் கலை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வெளியிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் முடிவு செய்யலாமா என்று பிறகு பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பிகே அந்தக் கட்டுப்பாட்டைத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டார். அவருடைய மான்களின் கால்களை மட்டும் உற்றுப் பாருங்கள். கை நடுங்காமல் இழுத்த மெல்லிய கோடு. தரைக்கு இரண்டு மூன்று செடிகள், வானத்துக்கு ஒரு மேகமோ வானவில்லோ. மீதியெல்லாம் வெறும் காகிதம். அந்த வெறுமையில்தான் மானின் துள்ளல் நம் கண்ணில் படுகிறது.

கேள்வி: ஆடு மேய்ப்பதும் நெசவு நெய்வதும்தானே வரைகிறார். இதில் ஆன்மிகம் எங்கே?

பதில்: அந்த வானவில்லிலிருந்தே தொடங்கலாம். நவஹோ குணமாக்கும் சடங்குகளில் மணல் ஓவியம் உண்டு. சடங்குப் பாடல்களை நெஞ்சில் வைத்திருக்கும் வைத்தியர், ஹோகன் என்கிற அவர்களுடைய வீட்டின் மண்தரையில், பொடித்த வண்ணக் கற்களையும் கரித்தூளையும் விரலிடுக்கில் கசியவிட்டுத் தெய்வ உருவங்களை வரைவார். பெரிய ஓவியமென்றால் உதவிக்குப் பலர் வேண்டும். மூன்று பக்கமும் வானவில் காவலாக வளைந்து நிற்கும், கிழக்கு மட்டும் திறந்திருக்கும். கிழக்குக்கு வெள்ளை, தெற்குக்கு நீலம், மேற்குக்கு மஞ்சள், வடக்குக்குக் கறுப்பு. இந்த நான்கு திசைகளிலும் நான்கு புனித மலைகள் அவர்கள் நிலத்துக்கு எல்லை. நோயாளி அந்த ஓவியத்தின் மேலேயே உட்காருவார். தெய்வ உருவத்தின் மணலை எடுத்து அவர் உடம்பில் வைப்பார்கள். சடங்கு முடிந்ததும் ஓவியத்தைக் கலைத்து, மணலை வெளியே கொண்டுபோய்விடுவார்கள்.

அவர்கள் சொல்கிற ஹோஜோ, அதாவது அழகும் ஒழுங்கும் நலமும் ஒன்றாகச் சேர்ந்த நிலை, நோயில் குலைந்துபோகிறது. அதை மீட்பதற்குத்தான் சடங்கு. தறியின் முன்னால் இருக்கிற பெண், ஆட்டுக்குட்டியோடு போகிற சிறுமி, எல்லாவற்றையும் பிகே அந்த நிலையில் வைத்துத்தான் வரைகிறார் என்பது என் எண்ணம்.

கேள்வி: கலைக்க வேண்டிய ஓவியத்தைக் காகிதத்திலோ துணியிலோ நிலையாக வைப்பது தப்பில்லையா?

பதில்: நவஹோ மக்களுக்குள்ளேயே இது பெரிய விவாதம். ஹோஸ்டீன் கிளா (1867–1937) என்ற வைத்தியர் சிறந்த நெசவாளரும்கூட. அவர் மணல் ஓவிய உருவங்களைக் கம்பளத்தில் நெய்தபோது, கேடு வரும் என்று பலர் பயந்தார்கள். சடங்கறிவு தன்னோடு மறைந்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. அவரும் மேரி காபோட் வீல்ரைட் என்ற செல்வந்தப் பெண்மணியும் சேர்ந்து உருவாக்கிய அருங்காட்சியகம் 1937இல் சாண்டா ஃபேயில் திறந்தது. இன்று விற்பனைக்கு மணல் ஓவியம் செய்கிறவர்கள் நிறத்தையோ ஓர் அடையாளத்தையோ வேண்டுமென்றே மாற்றிவிடுகிறார்கள். சடங்கு ஓவியம் முழுமையாகச் சந்தைக்கு வராது. பிகேயும் சடங்குக் காட்சிகளை வரைந்திருக்கிறார். ஆனாலும் அவர் பெயரைச் சொல்பவை அன்றாடக் காட்சிகள்தான்.

கேள்வி: அவர் படங்கள் எப்படி இவ்வளவு பரவின?

பதில்: ஸ்கிரீன் பிரிண்டிங். தேவா என்டர்பிரைசஸ் என்ற அச்சகத்தோடு சேர்ந்து பிரதிகள் போட்டார். அசல் வாங்க முடியாதவர்கள் வீட்டுச் சுவருக்கும் போய்ச் சேர்ந்தது.

கேள்வி: நான் பள்ளி ஓவிய ஆசிரியர். மாணவர்களை மணல் ஓவியம் செய்ய வைக்கலாமா?

பதில்: தெய்வ உருவங்களை மட்டும் நகலெடுக்க வேண்டாம், சார். அவை அவர்களின் வழிபாட்டுக்குரியவை. பிகேயின் மான் படம் ஒன்றைக் காட்டுங்கள். அழிரப்பர் தராமல், ஒரே கோட்டில் ஒரு விலங்கை வரையச் சொல்லுங்கள். நிழல் போடாமல் மூன்றே வண்ணம் கொடுங்கள். ஒரு வகுப்புக்கு அதுவே நிறைய வேலை.