ஐம்பது சொல் கிழவி

கேள்வி: எனக்கு வயது 63. மெல்பர்னில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் 19 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பொழுது போகவில்லையே என்று பக்கத்தில் நடந்த நாடக வகுப்பில் சேர்ந்தேன். அதன் வழியாக இப்போது ஒரு டிவி தொடரில் சின்ன வேஷம் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வரிசையில் சண்டை போடும் கிழவி. இரண்டு காட்சி. இதை இங்கே ‘ஃபிஃப்டி வேர்டர்’ என்கிறார்கள். மகனுக்குப் பிடிக்கவில்லை. “கிழவி என்று காட்டிச் சிரிப்பார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பார்ப்பார்கள்” என்கிறான். வகுப்பு ஆசிரியை, பெண்கள் சிறையில் நடக்கும் ‘ப்ரிஸனர்’ என்ற பழைய டிவி தொடரைப் பார்க்கச் சொன்னார். அதில் லிஸ்ஸி என்ற கிழவியாக வரும் அந்த அம்மா யார்? அவரும் என்னைப் போல வயதான பிறகுதான் நடிக்க வந்தாரா? நான் போகலாமா, வேண்டாமா?
— வாசகி, மெல்பர்ன்

பதில்: அம்மா, நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. கடைசிக் கேள்விக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போங்கள். ஆனால் லிஸ்ஸியைக் காட்டி உங்களைத் தூக்கிவிடுவது சரியாக இருக்காது. ஏன் என்று அந்த அம்மாவின் கதையைச் சொன்னால்தான் புரியும்.

அவர் பெயர் ஷீலா ஃப்ளோரன்ஸ். உங்கள் ஊர்க்காரர்தான். 1916-இல் மெல்பர்னின் கிழக்கு செயின்ட் கில்டாவில் பிறந்தவர். வயசுப் பெண்ணாக இருக்கும்போதே இங்கிலாந்து போய்விட்டார், அங்கேயே கல்யாணம், குழந்தைகள். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. குண்டுவீச்சில் ஒரு கைக்குழந்தையை இழந்தார். 1944-இல் பிரான்சின் நார்மண்டியில் நடந்த சண்டையில் கணவரும் இறந்தார். பின்னால் போலந்துக்காரரான ஒரு விமானப்படை வீரரை மணந்து, 1948 வாக்கில் மெல்பர்னுக்கே திரும்பினார். முதல் கணவர் வழிப் பிள்ளை பீட்டர் ஓய்ஸ்டன் பிற்காலத்தில் நாடக இயக்குநரானார். மெல்பர்னின் கலைக் கல்லூரியான விக்டோரியன் காலேஜ் ஆஃப் த ஆர்ட்ஸில் நாடகத் துறையைத் தொடங்கி நடத்தியவர் அவர்தான்.

இவ்வளவு பட்டவர் என்றதும் ‘அந்தத் துயரம்தான் அவரை நடிகையாக்கியது’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. போரில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். லிஸ்ஸியாக ஆனவர் ஒருவர்தான். அவரை ஆக்கியது வேலை. மெல்பர்ன் மேடைகளில் வருஷக்கணக்காக நின்றார். மெல்பர்னுக்கு டிவி வந்ததே 1956 கடைசியில். 1964-இல் ‘ஹாமிசைட்’ தொடங்கிய பிறகு க்ராஃபோர்ட் நிறுவனத்தின் போலீஸ் தொடர்கள் வரிசையாக வந்தன. அந்த ஊர் நாடகக்காரர்களுக்கு அவைதான் சோறு போட்டன. ஷீலாவும் அவற்றில் வந்து போனார். இப்படிப்பட்ட தொடர்களில் ஒரு வாரம் சாட்சி சொல்கிற பெண்ணாக வருகிறவர், இன்னொரு வாரம் வேறு பெயரில் வேறு வீட்டுக் கதவைத் திறப்பார். பார்க்கிறவர்களுக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது.

இந்த இடத்தில் தமிழில் ஒரு சிக்கல். நம்மிடம் இதற்கு இரண்டு சொல் உண்டு. ‘துணை நடிகை’ என்றால் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நிற்பவர், அந்தச் சொல்லிலேயே ஓர் இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘குணச்சித்திர நடிகை’ என்றால் மரியாதை. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவில் அந்தக் கோட்டை எண்ணியே போட்டிருக்கிறார்கள்: பேசாதவர் எக்ஸ்ட்ரா, ஐம்பது சொல்லுக்குள் பேசினால் நீங்கள் சொன்ன ஃபிஃப்டி வேர்டர், அதற்கு மேல் போனால் சம்பளமே வேறு கணக்கு. எனக்கு இது பிடித்திருக்கிறது. கௌரவத்தை விட்டுவிட்டுச் சொல்லை எண்ணுகிறார்கள் பாருங்கள்!

ஆக, உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில்: இல்லை, ஷீலா வயதான பிறகு வந்தவர் இல்லை. ‘ப்ரிஸனர்’ 1979 பிப்ரவரியில் ஒளிபரப்பானபோது அவருக்கு வயது 62. அதற்கு முன்னால் பல பத்தாண்டு வேலை இருந்தது. ‘62-இல் அதிர்ஷ்டம் அடித்தது’ என்று சொன்னால் அந்த வருஷங்களை அவமதித்ததாகும். உங்களுக்கு அந்த வருஷங்கள் இல்லை. ஆனால் வேறு ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

முதலில் லிஸ்ஸி. நீங்கள் எத்தனை எபிசோட் பார்த்தீர்களோ தெரியாது. 16 எபிசோடுக்குத்தான் திட்டம் போட்டார்கள். 1986 வரை போய் 692-இல் நின்றது. மெல்பர்னின் நுனவாடிங் ஸ்டுடியோவில்தான் எடுத்தார்கள், அந்த ஸ்டுடியோக் கட்டடத்தின் வெளிப்புறத்தையே சிறைச்சாலை என்று காட்டினார்கள். மேக்கப் மினுக்கு இல்லாத பெண்கள், குரலை உயர்த்துகிற, அடித்துக்கொள்கிற, துணி துவைக்கிற பெண்கள் டிவியை நிரப்பியது அன்றைக்குப் பெரிய விஷயம். இங்கிலாந்தில் ராத்திரி நேரத்தில் போட்டு அங்கேயும் ரசிகர் கூட்டம் சேர்ந்தது.

அந்தச் சிறையில் லிஸ்ஸி பேர்ட்ஸ்வொர்த் ஒரு பழைய பாவி. கதைப்படி அவளும் உங்களைப் போலச் சமையல்காரி! ஆட்டுரோமம் கத்தரிக்கும் ஆட்களுக்குப் பொங்கிப் போட்டவள். சாப்பாட்டைக் குறை சொன்னார்கள் என்று விஷம் வைத்துவிட்டாள், ஆட்கள் செத்தார்கள், இருபது வருஷமாக உள்ளே. (19 வருஷத்தில் உங்கள் சாப்பாட்டை எத்தனை பேர் குறை சொல்லியிருப்பார்கள்? பொறுமைசாலிதான் நீங்கள்.) பின்னால் அந்தச் சாவுகளுக்கு அவள் காரணம் இல்லை என்று தெரியவந்து வெளியே விடுகிறார்கள். வெளியே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? தனிமை தாங்காமல் மறுபடி ஏதோ குற்றம் பண்ணி உள்ளேயே வந்து சேர்கிறாள்.

இந்த இடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள். கதையாகக் கேட்டால் சிரிப்பு வரும், கிழவி ஜெயிலுக்குத் திரும்ப ஆசைப்படுகிறாள். ஷீலா அதைச் சிரிப்பாகவும் செய்கிறார், கூடவே வேறொன்றையும் செய்கிறார். அந்தக் கரகரத்த குரல், சிரிப்பு தொடங்கி இருமலில் முடிவது, சுருட்டிய சிகரெட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கி எதிராளியை அளப்பது, திருட்டுச் சாராயம் காய்ச்சும்போது வருகிற பள்ளிக்கூடப் பிள்ளையின் குறும்பு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் நிஜமா, நடிப்பா என்று மற்ற கைதிகளுக்கே தெரியாது. இத்தனைக்கும் நடுவில் யாரும் பார்க்காதபோது முகம் ஒரு கணம் காலியாகும். அந்தக் கணம் வசனத்தில் எழுதப்பட்டிருக்காது.

இன்னொன்று: லிஸ்ஸி, ஷீலாவைவிட மூத்தவள். தன் வயதைக் காட்டிலும் கூடுதலான வயதை உடம்பில் ஏற்றிக்கொண்டு ஐந்து வருஷம் நடமாடினார். உங்கள் மகன் பயப்படுவது ‘அம்மாவைக் கிழவியாகக் காட்டிவிடுவார்கள்’ என்று. ஷீலாவை யாரும் காட்டவில்லை, அவர்தான் காட்டினார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆஸ்திரேலிய டிவிக்கான லோகி விருதும் வாங்கி, 1984-இல் தொடரை விட்டு விலகினார். ‘ப்ரிஸனர்’ 2013-இல் ‘வென்ட்வொர்த்’ என்று புதிதாகத் தொடங்கியபோதும் லிஸ் பேர்ட்ஸ்வொர்த்தை அவர்களால் விட முடியவில்லை. வேறொரு நடிகை, வேறொரு கதை, ஆனால் அதே பெயர்.

அதே 1979-இல் வந்த ‘மேட் மேக்ஸ்’ படத்திலும் ஷீலா உண்டு. பண்ணை வீட்டுக் கிழவி மே. மோட்டார் சைக்கிள் ரவுடிகளைத் துப்பாக்கியைக் காட்டிக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டுவாள். காலில் கட்டோடு விந்தி விந்தி நடப்பாளே, அது வேஷத்துக்காகப் போட்டதில்லை என்பார்கள். ஓடும் காட்சியில் விழுந்து முழங்கால் சில்லு உடைந்து, கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து மிச்சக் காட்சிகளை முடித்தாராம். இதை நீங்கள் பின்பற்ற வேண்டாம். விழுந்தால் வீட்டுக்குப் போங்கள்.

சரி, மகன் விஷயம். அவர்மேல் கோபப்படாதீர்கள். ‘பள்ளிக்கூடத்தில் பார்ப்பார்கள்’ என்பது வாயில் வந்த காரணம். அம்மா வயதாகிவிட்டாள் என்பதை டிவி சைஸில் பார்க்க அவருக்கு மனசில்லை, அதுதான் உள்ளே இருப்பது என்று நினைக்கிறேன். இதற்கும் ஷீலாவிடம் ஒன்று இருக்கிறது.

அவர் முதன்மை வேடத்தில் நடித்து எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் படம், 1991-இல் வந்த ‘எ வுமன்ஸ் டேல்’. இயக்குநர் பால் காக்ஸ் ஷீலாவை மனதில் வைத்தே எழுதிய கதை. மார்த்தா என்ற எண்பதை நெருங்கும் பெண், மெல்பர்னில் ஒரு ஃப்ளாட், பூனை, பறவை, பக்கத்து வீட்டுத் தடுமாற்றக்காரக் கிழவர், வந்து போகும் ஓர் இளம் நர்ஸ். மார்த்தாவுக்குப் புற்றுநோய். மகன் அவளை முதியோர் இல்லத்தில் சேர்க்கப் பார்க்கிறான், அவளுக்குத் தன் வீட்டில்தான் சாக வேண்டும். கேமரா அந்தச் சுருக்கங்களுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது, விலகுவதில்லை. ஆனால் படம் அழுமூஞ்சிப் படம் இல்லை. நர்ஸும் அவள் காதலனும் சந்தித்துக்கொள்ளத் தன் படுக்கையறையையே விட்டுக்கொடுக்கிற கிழவி அவள்! அந்தத் துடுக்கை ஷீலா தவிர யாராவது செய்திருந்தால் அசிங்கமாகப் போயிருக்கும்.

அந்தப் படம் எடுக்கும்போது ஷீலாவுக்கே புற்றுநோய். ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவனத்தின் சிறந்த நடிகை விருது அந்த வருஷம் அவருக்குக் கிடைத்தது. கிடைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, 1991 அக்டோபர் 12 அன்று இறந்துபோனார். வயது 75. வாழ்நாள் முழுக்க நாலாவது, ஐந்தாவது ஆளாக நின்றவர், கடைசியில் ஒரு முழுப் படத்தைத் தோளில் சுமந்துவிட்டுப் போனார்.

அந்தப் படத்தை மகனோடு சேர்ந்து பார்க்காதீர்கள், முதலில் தனியாகப் பாருங்கள். முதியோர் இல்லக் காட்சிகள் உங்களுக்கு வேறு மாதிரி இருக்கும். பிறகு தோன்றினால் அவருக்குக் காட்டலாம். தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள். வாக்குவாதத்தில் ஜெயிக்க ஒரு படத்தைப் பயன்படுத்துவது படத்துக்கும் நல்லதில்லை, வாதத்துக்கும் நல்லதில்லை.

இப்போது உங்களிடம் இருப்பது என்ன என்று சொல்கிறேன். ஷீலாவுக்கு மேடை இருந்தது. உங்களுக்கு 19 வருஷம் முதியோர் இல்லம் இருந்திருக்கிறது. தட்டை ஒதுக்கித் தள்ளும் கை, கஞ்சி சூடில்லை என்று சொல்வதற்கு முன் இழுக்கும் மூச்சு, பிள்ளை வருவான் என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். இவர்களில் எத்தனை பேர் சண்டை போட்டிருப்பார்கள் உங்களிடம்? அவர்கள் சண்டை போட்டது உண்மையில் எதற்காக என்றும் உங்களுக்குத் தெரியும். வரிசையில் நிற்கும் அந்தக் கிழவி ஏன் கத்துகிறாள் என்பதை எழுதியவர் யோசித்திருக்கவே மாட்டார். நீங்கள் யோசித்து வையுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

கொஞ்சம் நடைமுறை. போட்டோ எடுக்க, பெயர் பதிய என்று முன்பணம் கேட்கிற ஏஜெண்ட் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். கமிஷன் என்பது உங்களுக்குச் சம்பளம் வந்த பிறகு அதிலிருந்து எடுப்பது. ஒப்பந்தத்தில் உங்களை எக்ஸ்ட்ரா என்று எழுதியிருக்கிறார்களா, ஃபிஃப்டி வேர்டர் என்றா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், சம்பளம் மாறும். சந்தேகம் இருந்தால் நடிகர்களுக்கான சங்கம் எம்.இ.ஏ.ஏ. இருக்கிறது, கேட்கலாம். உச்சரிப்பைக் கோணலாக்கிப் பேசச் சொன்னாலோ, சேலையைக் கேலிக்காகக் கட்டச் சொன்னாலோ, ‘இந்த அம்மா ஏன் இப்படிப் பேசுகிறாள்?’ என்று அமைதியாக ஒரு கேள்வி கேளுங்கள். பதில் இருந்தால் செய்யுங்கள். பதிலே இல்லாமல் சும்மா சிரிக்கத்தான் என்றால், உங்கள் மகன் சொன்னது அந்த ஒரு விஷயத்தில் சரி.

படப்பிடிப்பில் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். மாத்திரை, தண்ணீர், முதுகுக்கு ஒரு தலையணை எடுத்துக்கொள்ளுங்கள். கிழவி கையில் ஒரு பை இருக்குமா என்று கேளுங்கள். இருக்கும் என்றால் காலிப் பையைக் கொடுப்பார்கள். அதற்குள் எதையாவது நீங்களே போட்டு வைத்துக்கொள்ளுங்கள், கனம் வேண்டும்.