டிஸ்ப்ளே பிழைக்கு ஃபார்மேட் மருந்தல்ல

திருமங்கலத்திலிருந்து ஒரு முதுநிலை மாணவி கேட்கிறார்: வீட்டில் இருக்கும் உபுண்டு லேப்டாப்பிலிருந்து மதுரைக் கல்லூரி லேபின் லினக்ஸ் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் போய்க் கட்டளை தட்ட உதவும் இணைப்பு) வழியாக நுழைகிறேன். மற்ற கட்டளைகள் ஓடுகின்றன. வரைபடம் காட்டும் ப்ரோகிராம் மட்டும் ‘டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை’ என்று நின்றுவிடுகிறது. டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் காட்டினேன். கிராஃபிக்ஸ் சிப் போய்விட்டது, ஃபார்மேட் செய்து பார்ப்போம், சரிவராவிட்டால் போர்டை மாற்றுவோம் என்கிறார்கள். மாற்றலாமா?

வேண்டவே வேண்டாம். சிப் போயிருந்தால் அந்தப் பிழையைப் படிக்கவே உங்களுக்குத் திரை இருந்திருக்காது. அந்த வரியை எழுதியதும் உங்கள் லேப்டாப் இல்லை, லேப் சர்வரில் ஓடும் ப்ரோகிராம். இது தெரியாத கடைக்காரர் ஃபார்மேட் போட்டால் போவது உங்கள் பைலும் பணமும்தான்.

லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் அமைப்பு எக்ஸ் விண்டோ, சுருக்கமாக எக்ஸ்11. 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்த இதில் ப்ரோகிராம் ஒரு மெஷினிலும் ஜன்னல் இன்னொரு மெஷினிலும் இருக்கலாம். அதற்கு இரண்டு விஷயங்கள் வேண்டும்: எந்த வீடு என்ற விலாசம், உள்ளே நுழையச் சாவி. விலாசம், டிஸ்ப்ளே (DISPLAY) என்ற என்விரான்மென்ட் வேரியபிளில், அதாவது ப்ரோகிராம்கள் பார்த்துக்கொள்ளும் ஒரு குறிப்பில், இருக்கும். சாவியை எக்ஸாத் என்ற சின்ன ப்ரோகிராம் பார்த்துக்கொள்ளும்.

பிழை வரியில் ‘display:’ என்பதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் விலாசம் போய்ச் சேரவில்லை. எஸ்எஸ்ஹெச் கட்டளையில் சிறு கோடும் பெரிய எக்ஸ் எழுத்தும் சேர்த்து மறுபடி நுழையுங்கள். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் சர்வரில் எக்ஸ்11 ஃபார்வர்டிங் (ஜன்னலை உங்கள் திரைக்கு அனுப்பும் வசதி) அடைபட்டிருக்கும், அல்லது எக்ஸாத் நிறுவப்பட்டிருக்காது. இரண்டும் லேப் நிர்வாகி செய்ய வேண்டிய வேலை. ஒரு வரி மாற்றிச் சேவையை ரீஸ்டார்ட் செய்ய வேண்டிய இடத்தில், துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி வா, முதல்வர் கையெழுத்து வேண்டும் என்று அலைய விடுவார்கள். அலுப்புத்தான், ஆனால் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இதற்குள் யாராவது, டிஸ்ப்ளேயில் ‘:0’ என்று நீயே போட்டுவிடு என்பார்கள். போடாதீர்கள். அது லேப் சர்வரின் சொந்த மானிட்டரைக் குறிக்கும். எஸ்எஸ்ஹெச் தரும் சரியான விலாசம், வழக்கமாக ‘localhost:10.0’ போல இருப்பது, அழிந்துபோகும். லேப்டாப்பில் எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் (xhost +) என்ற கட்டளையை அடி என்று சொல்பவரிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் திரையின் பூட்டைக் கழற்றி எறிகிற வேலை அது. உள்ளே வந்த எவரும் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டையே படிக்கலாம். அதைவிடக் கேலி, விலாசமே இல்லாத உங்கள் சிக்கலை அது தொடக்கூட முடியாது.

விலாசம் இருந்தும் மறுத்தால் சாவிக் கோளாறு. முதலில் உங்கள் ஹோம் டைரக்டரி நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். கல்லூரி சர்வர்களில் தரும் இடம் கொஞ்சம், நிரம்பினால் எக்ஸாத் சாவியை எழுத முடியாது. நேற்று திறந்த டீமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் டெர்மினலைத் திறந்தே வைத்திருக்கும் ப்ரோகிராம்) இருந்தாலும் பழைய விலாசமே ஒட்டிக்கொண்டிருக்கும், வெளியே வந்து பாருங்கள்.

ப்ரோகிராமைச் சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் அதிகாரத்தில், இயக்குகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாவி உங்கள் பெயரில் இருக்கிறது, ரூட் பெயரில் இல்லை. ரூட்டுக்கு எல்லா பைலும் திறக்குமே என்பீர்கள். ஹோம் டைரக்டரி வேறொரு சர்வரிலிருந்து என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் பைல்களைப் பகிரும் முறை) வழியாக வரும் லேபில், ரூட்டையே சாதாரண ஆளாக்கிவிடும் அமைப்பு வழக்கம். உங்கள் சாவி பைலை ரூட்டால் படிக்கவே முடியாது. முதல் தீர்வு, சூடோ இல்லாமல் இயக்குவது. வரைபடம் பார்க்க ரூட் எதற்கு? கட்டாயம் என்றால், உங்கள் கணக்கில் எக்ஸாத் லிஸ்ட் கொடுத்து, அதில் உங்கள் டிஸ்ப்ளே எண் இருக்கும் வரியை மட்டும் எடுத்து, ரூட் கணக்கில் எக்ஸாத் ஆட் என்பதோடு ஒட்டுங்கள். ரூட்டிலும் டிஸ்ப்ளே அதே விலாசத்தைக் காட்ட வேண்டும். அடுத்த முறை நுழையும்போது சாவி புதிது, மறுபடி ஒட்ட வேண்டும்.

கடிதம் மேசை மேசையாக நகரும் வரை ப்ராஜெக்ட்டை நிறுத்த வேண்டாம். பைத்தானில் வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் என்றால் ‘அக்’ பின்தளத்தைத் தேர்ந்து, ஜன்னலுக்குப் பதில் பிஎன்ஜி பைலாகச் சேமிக்கச் சொல்லுங்கள். அதற்கு டிஸ்ப்ளேயே தேவையில்லை. பைலை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளை கொடுத்து வீட்டுக்கு இறக்கிக்கொள்ளலாம்.