அட்டையின் பின்பக்கம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 24 வயது, ஊர் திருப்பூர். அம்மா இருபது வருஷமாக பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நான் கோவையில் விஸ்காம் படித்துவிட்டு பத்திரிகைகளுக்குப் படம் போட முயன்றுகொண்டிருக்கிறேன். சமூகப் பிரச்சினைகளைக் கலப்பு ஊடகத்தில் சொல்வது என் ஆசை. பனியன் கம்பெனிப் பெண்களைப் பற்றிப் பன்னிரண்டு படங்கள் முடித்திருக்கிறேன். இந்தியன் இங்க், வாட்டர்கலரோடு கட்டிங் வேஸ்ட் துணி, நூல், லேபிள், அட்டை எல்லாம் ஒட்டியவை. ஓர் ஆசிரியர் "இது கைவேலை, ஓவியம் இல்லை" என்றார். இன்னொருவர் "ஸ்கேன் பண்ணக் கஷ்டம், ஐபேடில் கோட்டுப் படமாகப் போட்டு அனுப்புங்கள்" என்றார். ஏஐயிலேயே இது வந்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். நான் ஓவியரா, இல்லஸ்ட்ரேட்டரா? என் வழி சரிதானா? படங்களையும் குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

மூன்று நாளாகப் படங்களைத் திறந்து திறந்து பார்க்கிறேன். பதில் எழுதக் காரணம் உங்கள் கேள்வி இல்லை, ஏழாவது படம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஓவியரா, இல்லஸ்ட்ரேட்டரா என்றால், நம் ஊரில் இரண்டு பேருக்கும் பணம் தாமதமாகத்தான் வரும். அந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. ஏஐ உங்கள் அம்மா கம்பெனியின் குப்பை மூட்டையில் கைவிட்டுத் துணி பொறுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். விடுங்கள்.

"சமூகப் பிரச்சினை" என்று கடிதத்திலும் குறிப்புகளிலும் ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், எண்ணினேன். ஒன்றரை ஷிப்ட் நின்றுவிட்டு வந்து வீட்டில் சோறு வடிக்கிறவர் உங்களுக்கு அம்மாவா, சமூகப் பிரச்சினையா? அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் கையில் எது கிடைத்தாலும் குறியீடாக்கிவிடுகிறார்கள். நீங்களும் செய்திருக்கிறீர்கள். நான்காவது படத்தில் ஒரு பெண்ணின் வாயில் துணியை எப்படித் துவைப்பது என்று சொல்லும் வாஷ்கேர் லேபிளை ஒட்டித் தைத்திருக்கிறீர்கள். வாயை அடைத்துவிட்டார்களாம். சுவரொட்டிப் போட்டிக்கு அனுப்புங்கள், பரிசு கிடைக்கும். அந்த லேபிளை ஒருத்தி நாள் முழுக்கக் கழுத்துப் பட்டியில் வைத்துத் தைத்தாளே, அவளைக் காணவில்லை. ஒன்பதாவது படத்தில் நொய்யல் ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த தாள், ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவும், சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டி உப்பாகிப்போன வயல்களும் அந்த உப்பு வளையத்திலேயே இருக்கின்றன. அதன் மேல் எதற்கு ஒரு மண்டையோடு? தாள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து கத்தியிருக்கிறீர்கள்.

ஜெர்மனியில் ஹன்னா ஹோக் என்று ஓர் ஓவியர் இருந்தார். பெர்லினில் ஒரு பத்திரிகை நிறுவனத்துக்குப் பின்னல், எம்பிராய்டரி டிசைன் போட்டுக் கொடுப்பதுதான் 1916லிருந்து பத்து வருஷம் அவருக்குப் பிழைப்பு. அதுவும் கைவேலைதான், உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1919-20இல் அவர் வெட்டி ஒட்டிய பெரிய படம் ஒன்று உண்டு. சமையலறைக் கத்தியால் வெட்டியது என்று தலைப்பிலேயே சொல்லியிருப்பார். அரசியல்வாதிகள், சக்கரங்கள், நடனக்காரிகள் என்று ஒரே கூட்டம். வலதுபக்கக் கீழ்மூலையில் மட்டும் பத்திரிகையிலிருந்து வெட்டிய சின்ன வரைபடம், எந்தெந்த நாட்டில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்துவிட்டது என்று காட்டுவது. அதன் பக்கத்தில் தன் தலையைச் சிறியதாக ஒட்டிவைத்திருக்கிறார். ஜெர்மனியில் பெண்கள் தேசியத் தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டது 1919 ஜனவரியில்தான். அந்த வரைபடத்தை அவர் இறக்கையாக்கவில்லை, உடைந்த சங்கிலியாக்கவில்லை. பத்திரிகையில் என்னவாக இருந்ததோ அதுவாகவே மூலையில் இருக்கிறது.

நம் வங்க ஓவியர் சோம்நாத் ஹோர் 1943 வங்கப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்து வரைந்தவர். எழுபதுகளில் 'காயங்கள்' வரிசைக்கு வந்தபோது மனித உருவத்தையே விட்டுவிட்டார். காகிதக் கூழை அச்சில் அழுத்தி எடுத்த வெள்ளைத் தாள்தான் படம். தாளிலேயே கீறல், பிளவு, குழி. சிலவற்றில் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். உங்கள் மண்டையோட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பது வேறு கதை. எண்பதுகளில் நாங்கள் ஒரு சிற்றிதழ் நடத்தினோம், 300 பிரதி. தினமும் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வரும் ஒரு கிழவரைப் பற்றிக் கதை வந்திருந்தது. ஓவிய நண்பன் அதற்குப் படம் கொண்டுவந்தான். கிழவரின் முகம் முழுக்க பஸ் டிக்கெட். வெளுத்த ரோஸ், பச்சை, கண்டக்டர் கிழித்த ஓரம், சிலதில் வெற்றிலைக் கறை. நான் அதைப் பிளாக், அதாவது படத்தை அச்சடிக்கும் உலோகத் தகடு, எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். "லைன் பிளாக்ல இது வராது சார், ஹாஃப்டோன்தான். உங்க பேப்பருக்கு அதுவும் அப்பிக்கும்" என்றார்கள். லைன் பிளாக்கில் வெறும் கோடுதான் வரும், வெளிர், அடர் சாயல்கள் வர ஹாஃப்டோன் வேண்டும். அதற்குக் காசு இல்லை. நண்பனிடமே திரும்பப் போய், அதே முகத்தை இந்தியன் இங்க்கில் கோடாகப் போட்டுத் தரச் சொன்னேன். போட்டுக் கொடுத்தான். நல்ல கோடு. எல்லாரும் பாராட்டினார்கள். ஒட்டிய படத்தை அச்சகத்து மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அடுத்த வாரம் போனபோது இல்லை. பழைய பேப்பரோடு போயிருக்கும்.

அவை அவன் அப்பா காசநோய்க்கு ஆஸ்பத்திரி போய்வந்த டிக்கெட்டுகள் என்று பல வருஷம் கழித்து வேறு ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அவன் அன்றைக்கு "பரவால்லப்பா, கோடாவது வந்துச்சே" என்றதோடு சரி. அதற்குப் பிறகு எங்களுக்கு எதையும் ஒட்டிக் கொண்டுவரவில்லை. கோடுதான். தமிழ்ச் சிற்றிதழ்களின் கோட்டோவிய மரபு என்று மேடையில் நானே பேசியிருக்கிறேன். ஓவியர் ஆதிமூலம் போன்றவர்களின் கோட்டுக்கு முன்னால் இன்றைக்கும் வாய் மூடி நிற்கிறவன்தான் நான். ஆனால் அந்த மரபில் பாதி பிளாக் கூலி.

அதனால்தான் ஐபேடில் கோடாகக் கேட்டவர் மேல் எனக்குக் கோபம். எங்களுக்குக் காசு இல்லை. அவருக்கு என்ன கேடு? ஸ்கேன் பண்ணக் கஷ்டம் என்பதெல்லாம் வெறும் சாக்கு. துணி மேடு தெரிய வேண்டுமென்றால் ஜன்னலோரம் வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் கேமராவில் எடுத்து அனுப்புங்கள், வராமலா போகும்?

சரி, ஏழாவது படம். டியூப்லைட்டுக்குக் கீழே செக்கிங் டேபிளில் குனிந்து நிற்கிற உங்கள் அம்மா, பின்னாலிருந்து. முதுகு மட்டும் பனியன் மடிப்புக்குள் வைக்கிற அட்டை. குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள்: "அம்மா பீஸ் கணக்கு போட்ட அட்டை. கையெழுத்து அசிங்கமாக இருந்ததால் அந்தப் பக்கத்தை அடியில் வைத்து ஒட்டி, மேலே வெள்ளை அடித்துவிட்டேன்." இடது மூலையில் அட்டை லேசாக எழும்பியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் நீல மையில் நாலு குச்சி, குறுக்கே ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குச்சி, அப்புறம் வெள்ளை.

எதம்மா அசிங்கம்? பன்னிரண்டு படத்திலும் உங்கள் அம்மா தன் கையால் எழுதியது அது ஒன்றுதான், அதைப் போய்க் கவிழ்த்து ஒட்டியிருக்கிறீர்கள்.

ஃபெவிகாலில்தான் ஒட்டியிருப்பீர்கள். படத்தைக் குப்புறப் போட்டு, வெந்நீரில் பிழிந்த துணியை அந்த இடத்தின் பின்னால் பத்து நிமிஷம் வையுங்கள், இளகும். மூலையிலிருந்து மெதுவாக. பால்பாயிண்ட் மை எண்ணெய் மை, சட்டென்று கலையாது. கிழிந்தாலும் அழ வேண்டாம், சனிக்கிழமை சம்பளத்துக்குள் இன்னொரு அட்டை நிறைந்திருக்கும். அதை அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள். முதல் அட்டையைக் கேட்டுத்தான் எடுத்தீர்களா?