மே மாதச் சம்பளமும் கோடை ஆய்வுப் பயிற்சியும்: கேள்வி பதில்

அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு சிறிய அறக்கட்டளை வழியாக, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த அறிவியல் மாணவர்கள் சிலரை ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் ஆய்வகங்களுக்கு அனுப்புகிறோம், செலவுக்குப் பணமும் கொடுத்து. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி (பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி, அரூர்): மேடம், கோடைக்கு ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்று ஒரு பேராசிரியர் சொல்லிவிட்டார். ஆனால் உதவித்தொகை கிடையாதாம். நான் மே மாதம் துணிக்கடையில் வேலை பார்த்துத்தான் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிறேன். போகலாமா?

கடன் வாங்கிக்கொண்டு போகாதேம்மா. பேராசிரியரிடம் தயங்காமல் கேள்: அவருடைய ஆராய்ச்சித் திட்டப் பணத்தில் ஏதாவது தர வழியிருக்கிறதா என்று. சிலர் நீ கேட்ட பிறகுதான் யோசிப்பார்கள்.

அடுத்த ஆண்டுக்குப் பணம் தரும் திட்டங்களுக்கு இப்போதே தயாராகு. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதப் பயிற்சி. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையம், சென்னை ஐஐடி ஆகியவையும் கோடைத் திட்டங்கள் நடத்துகின்றன. இவற்றுக்கெல்லாம் மாதக்கணக்கில் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். அகாடமி விண்ணப்பத்துக்கு ஆசிரியர் பரிந்துரைக் கடிதமும், என்ன செய்ய ஆசை என்று நீ எழுதும் ஒரு சிறு குறிப்பும் தேவை. கடிதத்துக்கு ஆசிரியரை இப்போதே பார்த்து வை. பிளஸ் டூவில் உன் போர்டில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடை ஆய்வுக்கென்றே ஒதுக்கியது.

கேள்வி (முன்னாள் மாணவர், ஓசூர்): ஒரு மாணவருக்கு எவ்வளவு ஆகும் மேடம்? மொத்தமாகக் கடைசியில் கொடுத்தால் ஒழுங்காக முடிப்பார்கள் இல்லையா?

எங்கள் கணக்கு இது. அறைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 8,000, இரண்டு மாதத்துக்கு 16,000. போக்குவரத்து 2,000, கைச்செலவு 2,000. இதோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். அந்தப் பிள்ளை ஊரில் இருந்திருந்தால் சம்பாதித்து வீட்டுக்குக் கொடுத்திருக்கும் பணமும் செலவுதான். அதற்கு மாதம் 5,000 வைக்கிறோம். ஆக 30,000.

கடைசியில் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். முதல் ஆண்டு நாங்கள் அதைத்தான் செய்தோம். சான்றிதழோடு சேர்த்துக் காசோலை என்று முடிவெடுத்திருந்தோம். இரண்டாவது வாரம் வழிகாட்டி ஃபோன் செய்தார். "பையன் நன்றாக வேலை செய்கிறான். ஆனால் ஒரு மணிக்கு எல்லாரும் மெஸ்ஸுக்குப் போனால் இவன் மட்டும் தராசு அறையிலேயே உட்கார்ந்திருக்கிறான்" என்றார். நான் கூப்பிட்டுக் கேட்டால், "பசிக்கல மேடம்" என்கிறான். விடாமல் கேட்ட பிறகுதான் தெரிந்தது: அறைக்கு முன்பணம் கட்டியதில் கையில் இருந்ததெல்லாம் போய், மிச்சம் 240 ரூபாய். ராத்திரி வெளியே நாலு இட்லி, அவ்வளவுதான். மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு வரை எடை பார்த்து எழுதிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு வேளை சாப்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே பணம் போட்டோம்.

அப்புறம் முறையை மாற்றினோம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பாதி, இரண்டாம் மாதம் பிறந்ததும் மீதி. பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்களே என்று பயந்தவர்கள் உண்டு. இதுவரை ஒருவர்கூட ஓடவில்லை.

கேள்வி (தந்தை, திருவண்ணாமலை மாவட்டம்): பெண் பிள்ளையைத் தெரியாத ஊருக்கு இரண்டு மாதம் அனுப்பப் பயமாக இருக்கிறது அம்மா.

பயம் நியாயமானதுதான் ஐயா. முதல் நாள் நீங்களும் கூடவே போய் விடுதியைப் பாருங்கள், வார்டனிடம் நேரில் பேசுங்கள், எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் மாணவிகளுக்கு, துணைக்கு வருபவரின் ரயில் கட்டணத்தையும் சேர்த்தே தருகிறோம். பார்த்துவிட்டு மனம் ஒப்பவில்லை என்றால் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி (உதவிப் பேராசிரியர்): மதிப்பெண் வைத்துத் தேர்வு செய்தால் மறுபடியும் வசதியான பிள்ளைகளே வருகிறார்கள். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

மதிப்பெண்ணுக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்து, அதற்கு மேல் வரிசை போடுவதை நிறுத்திவிட்டோம். அரசுப் பள்ளியில் படித்தவரா, வீட்டில் முதல் பட்டதாரியா, கல்லூரியில் ஆய்வு வசதி இல்லாதவரா என்று பார்க்கிறோம். பிறகு தமிழிலேயே இருபது நிமிடம் பேச்சு. "லேபில் எப்போதாவது விடை தப்பாக வந்ததா, அப்போது என்ன செய்தாய்?" என்பது நான் தவறாமல் கேட்கும் கேள்வி. ரெக்கார்டை நண்பனைப் பார்த்துத் திருத்திக்கொண்டேன் என்று ஒளிக்காமல் சொன்ன பிள்ளையைக்கூட எடுத்திருக்கிறேன்.

கேள்வி (பி.எஸ்சி. தாவரவியல் மாணவர்): தமிழ் வழியில் படித்தவன். ஆய்வகத்தில் ஆங்கிலத்தில் பேசினால் புரியுமா என்று தெரியவில்லை.

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும் தம்பி. குறிப்பைத் தமிழில் எழுது, கருவிகளின் பெயரை மட்டும் அவர்கள் சொல்வது போலவே எழுது. மாலையில் பிஎச்.டி. மாணவரிடம் காட்டி, ஆய்வகக் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் ஏற்று. அந்த அக்காவோ அண்ணனோதான் உனக்கு உண்மையான குரு. அதனால்தான் அவர்களுக்கும் ஒரு சிறு தொகை தருகிறோம்.

கேள்வி (மென்பொருள் பொறியாளர், அமெரிக்கா): நான் இங்கிருந்து பணம் அனுப்பலாமா? இங்கே அமெரிக்காவில் மாணவர்களுக்கு என்ன வழி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

உங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் உங்கள் பணத்தை வாங்க முடியும். எங்களுக்கு இரண்டும் இல்லை. ஆசையாகக் கொடுக்க வந்தவர்களிடம் இதைச் சொல்ல மனசு கேட்காது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உங்கள் ஊரில் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் இளநிலை மாணவர்களுக்கு உதவித்தொகையோடு கோடை ஆய்வு வாய்ப்பு தருகிறது. ஆராய்ச்சி வசதி குறைந்த கல்லூரிப் பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்கிறது. அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும்தான் அது, இங்கிருந்து விண்ணப்பிக்க முடியாது.

கேள்வி (நிறுவன அதிகாரி, கோவை): நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தை நாங்கள் இதற்குத் தரலாமா?

தாராளமாக. அந்தப் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சட்டம் சொல்லும் பட்டியலில் கல்வி இருக்கிறது. வாங்கும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 என்ற படிவம் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். மார்ச் 31க்குள் செலவுக் கணக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள், எங்களுக்குச் செலவு மே மாதத்தில். இந்த இடைவெளியை ஒப்பந்தம் போடும்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி (கல்லூரி ஆசிரியை, விருதுநகர்): எங்கள் கல்லூரியிலும் தொடங்க ஆசை. எத்தனை பேரோடு தொடங்கலாம்?

இரண்டு பேர் போதும். தனியாக ஒருவரை அனுப்பாதீர்கள், துணை இல்லாமல் மூன்றாம் நாளே ஊர் ஞாபகம் வந்துவிடும். ஜனவரிக்குள் வழிகாட்டியிடம் பேசி, விடுதி அறையையும் உறுதி செய்துவிடுங்கள். பல்கலைக்கழகத் தேர்வு மே நடுவில் வரை இழுத்தாலும் இழுக்கும், எனவே ஜூன் முதல் வாரத்தில் சேரலாமா என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். அறக்கட்டளை பதிவு செய்ய நாள் பிடிக்கும். அதுவரை நாலு ஆசிரியர்கள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்த இரண்டு பேரை அனுப்பிவிடலாம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.