சொந்தக்காரங்களும் ஒரு தங்க பெல்ட்டும்

கேள்வி: மாஸ்கோ இளவரசர் இரண்டாம் வாசிலியை சொந்தக்காரங்களே குருடாக்கிட்டாங்களாமே, கண்ணு தெரியாம எப்படிங்க நாட்டை ஆண்டார்?

பதில்: மூத்த பையன் இவானைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஆண்டார், அவ்ளோதான். ஆனா 'சொந்தக்காரங்க'ன்னு ஒரு வார்த்தை போட்டீங்க பாருங்க, அதை விட்டுட்டுப் போக மனசு வரல.

1425ல அப்பா செத்தப்போ வாசிலி பத்து வயசுப் பையன். "அண்ணனுக்கு அப்புறம் தம்பிதான், எங்கப்பா உயில்லயே இருக்கு"ன்னு சித்தப்பா யூரி கிளம்பிட்டார். பஞ்சாயத்து, அப்போ மாஸ்கோவுக்கே மேலிடமா இருந்த தார்த்தாரிய கான் (அவங்க ராஜா) வரைக்கும் போச்சு. அங்க வாசிலிக்காகப் பேசி ஜெயிச்சுக் கொடுத்த பிரபு, தன் பொண்ணுதான் மருமகளாப் போகப்போறான்னு நம்பிட்டு இருந்தார், இவங்க வேற இடத்துல பொண்ணு எடுத்துட்டாங்க, மனுஷன் கடுப்பாகி சித்தப்பா பக்கமே தாவிட்டார்.

1433ல அந்தக் கல்யாணம். விருந்துக்கு சித்தப்பா பையன், அவன் பேரும் வாசிலிதான், பட்டப்பேரு கோணக்கண்ணன், தங்க பெல்ட் ஒண்ணைக் கட்டிட்டு ஜம்முனு வந்தான். "அது நம்ம வீட்டு பெல்ட்டுங்க, முந்தி ஒரு கல்யாணத்துல மாத்தி அடிச்சுட்டாங்க"ன்னு யாரோ மாப்பிள்ளையோட அம்மா சோஃபியா காதுல ஓத, அந்தம்மா சபை நடுவுல அவன் இடுப்புல இருந்து பெல்ட்டை உருவிட்டாங்க! நம்மூர்ல ரசத்துல உப்பு இல்லைன்னு பந்தியில எந்திரிச்சுப் போற மாமாவெல்லாம் இதுக்கு முன்னாடி தெய்வம்யா. அவனும் தம்பி ஷெம்யாக்காவும் கோவமா அப்பா கிட்ட போற வழியில சம்பந்தமே இல்லாத யாரோஸ்லாவ்ல் ஊரைக் கொள்ளையடிச்சுட்டுப் போனாங்க. கொஞ்ச நாள்ல சித்தப்பா கையில மாஸ்கோ.

பெல்ட் வெறும் சாக்கு, பட்டம் தம்பிக்கா மகனுக்காங்கிறதுதான் நிஜ சண்டைன்னு ஒரு ப்ரொஃபசர் நண்பர் என்கிட்ட வருஷக்கணக்கா மல்லுக்கட்டுறார். ஐயா, எனக்கும் தெரியும், உயிலைப் பத்தி எழுதினா யாரு படிப்பா?

வாசிலிக்காக ரொம்ப உருகாதீங்க. மாஸ்கோ திரும்பக் கைக்கு வந்தப்புறம், 1436ல கோணக்கண்ணனை முதல்ல குருடாக்கினதே அவர்தான். 1446ல மடத்துல சாமி கும்பிட்டுட்டு இருந்தவரை ஷெம்யாக்கா ஆளுங்க தூக்கிட்டுப் போய் பதிலுக்குக் கண்ணைப் பறிச்சாங்க. அடுத்த வருஷமே திரும்ப மாஸ்கோவுக்கு வந்து உக்காந்துட்டார். 1453ல நோவ்கரோத்ல இருந்த ஷெம்யாக்காவுக்கு, சமையல்காரனையே கைக்குள்ள போட்டு கோழிக்கறியில விஷம். செத்துட்டான்னு குதிரையில பறந்து வந்து சொன்ன குமாஸ்தாவுக்கு உடனே ப்ரமோஷன். எங்க ஆபீஸ்ல எவ்ளோ பெரிய நியூஸ் கொண்டுவந்தாலும் ஒரு டீதான், அதுவும் அவன் காசுல.