டிபன் பாக்ஸோடு கிளம்பும் கணவர்

கேள்வி: என் கணவருக்கு 48 வயது, ஒரு தனியார் கம்பெனியில் 19 வருஷம் பர்சேஸ் மேனேஜர். வீட்டுக்கடன் தவணை பவுன்ஸ் ஆகி பேங்கிலிருந்து போன் வந்தபோதுதான், விசாரித்ததில் அவருக்கு வேலை போய்விட்டது தெரிந்தது. இன்னமும் காலையில் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்புகிறார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். ஏற்காட்டிலிருக்கும் என் அண்ணனிடம் சொன்னேன், பி.எஃப். பணத்தைப் போட்டு ஹோம்ஸ்டே லீஸுக்கு எடுக்கலாம் என்கிறார். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், அஸ்தம்பட்டி

பதில்: இன்றைக்கே கேட்டுவிடுங்கள் சகோதரி, ஆனால் மாமியார் காதில் விழும்படி வேண்டாம். 'பேங்கிலிருந்து போன் வந்தது, மதியம் எங்க உட்கார்ந்து சாப்பிடறீங்க?' இது போதும். ஏன் மறைத்தார் என்பதை அப்புறம் பார்க்கலாம். (பகலில் ஆம்பளை வீட்டில் இருந்தால் எதிர்வீடு 'லீவா சார்?' என்று கேட்டே தீரும், பாதிப் பேர் அதற்குப் பயந்தே பஸ் ஏறுகிறார்கள்.)

அண்ணன் விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல மனசாகவே இருக்கட்டும், ஆனால் தன் பி.எஃப். பணத்துக்குத் தன்னைக் கேட்காமலே மனைவியின் பிறந்த வீட்டில் கணக்குப் போட்டாயிற்று என்று தெரிந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? ஏற்காட்டில் கூட்டமெல்லாம் கோடையிலும் சனி ஞாயிறிலும்தான், லீஸ் பணமோ ஆளில்லாத மாதத்துக்கும் கட்டியாக வேண்டும். இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் கிராஜுவிட்டி, அதாவது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடை, வந்ததா என்று பாருங்கள். 5 வருஷம் தாண்டியவருக்கு, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம், வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமலே விட்டிருக்கலாம். பேங்குக்கு இருவரும் நேரில் போய் தவணைக் காலத்தை நீட்டித் தரச் சொல்லுங்கள், 90 நாள் பாக்கி நின்றால் கடன் வாராக்கடன் கணக்குக்குப் போய்விடும், அதன்பின் பேச்சே வேறு மாதிரி இருக்கும். கம்பெனி எடுத்துக்கொடுத்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்திருக்கும், தனி பாலிசி உடனே எடுங்கள். பென்ஷன் பற்றிக் கவலை வேண்டாம், 10 வருஷம் தாண்டிவிட்டதால் 58 வயதில் வரும்.

தூக்கமில்லாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் 14416-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். உயிரை விடுகிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அவருக்காகக் காத்திருக்காமல் நீங்களே கூப்பிடுங்கள், தனியாகவும் விடாதீர்கள்.

மாமியாரிடம் எப்போது சொல்வது என்பதை உங்கள் கணவரே முடிவு செய்யட்டும்.