முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குட்டி: குதிரை கேள்வி பதில்

கேள்வி: ஐயா, போன ஆடியில் அந்தியூர் சந்தையில் கத்தியவாரி இனத்து ஆண் குதிரைக்குட்டி ஒன்று வாங்கினேன். மூன்று வயது முடிந்தது, சவாரி பழக்கியது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சந்தையில் பசு மாதிரி நின்றது. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆனதும், ஏறி உட்கார்ந்தால் முதுகை வளைத்துத் துள்ள ஆரம்பித்துவிட்டது. கடிவாளத்தை இழுத்தால் முன்னங்காலைத் தூக்கி நேராக நிற்கிறது. இரண்டு தடவை விழுந்துவிட்டேன். முள் கடிவாளம் போட்டால் அடங்கும் என்கிறார் தரகர். சுழி சரியில்லை, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்கிறார் மாமா. எனக்கு விற்க மனசில்லை. தினமும் நாலு கிலோ கொள்ளு வேகவைத்துப் போடுகிறேன், சாயங்காலம் கொஞ்சம் புல். மார்புச் சுற்றளவு 155 செ.மீ., தோள்முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளம் 145 செ.மீ. கீழ்த்தாடையில் நடுவில் இரண்டு பெரிய பல், அதற்கு இரண்டு பக்கமும் சின்னப் பல். நான் 82 கிலோ. என்ன செய்வது?
வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தம்பி, முதலில் சேணத்தைக் கழற்றி ஆணியில் மாட்டுங்கள். இன்றைக்கே. அதற்கு நாலு வயது முடியும் வரை யாரும் அதன் மேல் ஏற வேண்டாம்.

அளவும் பல்லும் எழுதினீர்களே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. குதிரைக்கு நடு முன்பற்கள் இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அதற்கடுத்தவை மூன்றரையில், ஓரப் பற்கள் நாலரையில். நடுவில் மட்டும் மாறியிருக்கிறது என்றால் உங்கள் குட்டிக்கு மூன்றரை ஆகவில்லை. வாங்கும்போது மூன்று முடிந்தது என்று சொன்னதே சந்தேகம்தான். அப்புறம் எடை. மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் ஏறக்குறைய எடை வரும். உங்கள் கணக்குக்கு 293 வருகிறது. முழுதாக வளர்ந்த, பழகிய குதிரையே தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் சேணத்தோடு சேர்த்து 58 கிலோ. நீங்களும் சேணமுமாகத் தொண்ணூறு கிலோ போல வருவீர்கள். அதன் முதுகெலும்பில் உள்ள வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு வளர்கிற குருத்துப் பகுதிகள், இறுகுவதற்கு ஐந்து, ஐந்தரை வயதாகும். இந்த முதுகில் அந்தப் பாரத்தை வைத்தால் குட்டி வேறு எப்படித்தான் சொல்லும்?

சந்தையில் பசு மாதிரி நின்றது என்கிறீர்கள். குஜராத்தின் கத்தியவாரிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் நின்றுகொண்டே வந்து, சரியாகத் தீவனமும் தூக்கமும் இல்லாமல், குருநாதசாமி கோயில் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில் நிற்கும் குட்டி அப்படித்தான் நிற்கும். அது அசதி, அதைப் பழக்கம் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் வாங்குகிறார்கள். ஒரு மாதம் தின்று தேறினதும் அதன் உண்மையான நிலைமை வெளியே வருகிறது.

இப்போது வாய். குதிரைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து, விளக்கு வைத்து வாய்க்குள் பார்க்கச் சொல்லுங்கள். மேல்தாடையில் முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், சில குட்டிகளுக்கு அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு உதவாத பல் இருக்கும். ஓநாய்ப் பல் என்பார்கள். கடிவாளத்தின் இரும்பு உட்காருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அது நிற்கிறது. நீங்கள் இழுக்க இழுக்க இரும்பு அதில் இடிக்கும். கடைவாய்ப் பற்களும் இந்த வயதில்தான் விழுந்து முளைக்கின்றன, ஈறெல்லாம் புண்ணாக இருக்கும். என்னிடம் வந்த ஒரு பெண் குட்டி கடிவாளத்தைக் கண்டாலே தலையை வானத்துக்குத் தூக்கும். அந்தப் பல்லைப் பிடுங்கி மூன்று வாரம் விட்டு, மறுபடி கடிவாளத்தைக் காட்டியபோது முகர்ந்து பார்த்துவிட்டுத் தானே வாயைத் திறந்தது.

முதுகையும் பாருங்கள். பிடரி முடிகிற இடத்து மேட்டுக்குப் பின்னாலிருந்து இடுப்பு வரை, முதுகெலும்புக்கு இரண்டு விரல் தள்ளி, விரல் நுனியால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். வலி இல்லாத குதிரை அசையாது, காதை மட்டும் உங்கள் பக்கம் திருப்பும். வலிக்கிற இடத்தில் தோல் வெடுக்கென்று துடிக்கும், முதுகு கீழே அமுங்கும், சிலது திரும்பிக் கடிக்க வரும். சேணம் உட்கார்ந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைத்திருந்தால் அங்கே முன்பே புண் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கொள்ளு விஷயத்தில் உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் வேலையே செய்யாத முந்நூறு கிலோ குட்டிக்கு நாலு கிலோ கொள்ளு மிக அதிகம். குதிரையின் வயிற்றில் தின்றாலும் தின்னாவிட்டாலும் நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். வாயில் நார் மென்று எச்சில் இறங்கினால்தான் அது தணியும். வெறும் வயிற்றோடு பல மணி நேரம் நின்றால் இரைப்பையில் புண் வரும், வந்தால் சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போதே பல்லைக் காட்டும். ஒரு நாளைக்கு ஆறு கிலோ அளவுக்கு உலர்ந்த புல், சோளத்தட்டு என்று முன்னால் கிடக்கட்டும். கொள்ளை ஒரு கிலோவுக்குக் கொண்டுவாருங்கள், ஆனால் பத்து நாளில் படிப்படியாக. திடீரென்று மாற்றினால் வயிற்றுவலியில் கொண்டுபோய் விட்டுவிடும். கோ-4 மாதிரி நேப்பியர் புல்லை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவைத்துவிடும், வளரும் எலும்புக்கு நல்லதல்ல.

முள் கடிவாளம் வேண்டவே வேண்டாம். வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965 ஆம் ஆண்டு வதைத்தடுப்பு விதிகளில் அது தடை செய்யப்பட்டது. தடை இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். வாய் வலித்துத் தலையைத் தூக்கும் குட்டிக்கு வாயில் இன்னும் வலி கொடுத்தால் அது இன்னும் மேலே போகும், அங்கிருந்து மல்லாக்க விழும். என் இருபத்தாறாவது வயதில் எனக்கு அது நடந்தது. குதிரை முன்னங்காலைத் தூக்கி எழுந்தது, நான் பயத்தில் லகானைப் பிடித்துத் தொங்கினேன், அந்த இழுப்பே அதைப் பின்னால் சாய்த்தது. ஒரு பக்கமாக உருண்டதால் தோள்பட்டை எலும்போடு போயிற்று. சேணத்தின் முன்மேடு என் நெஞ்சில் இறங்கியிருந்தால் இதை எழுத நான் இல்லை. எப்போதாவது உங்களை வைத்துக்கொண்டு எழுந்துவிட்டால் லகானைத் தளர்த்துங்கள், முன்னால் சாய்ந்து பிடரியைப் பிடியுங்கள். முன்னங்கால் தரையைத் தொட்ட நொடியில் ஒரு பக்கமாகத் திருப்பி முன்னே ஓட்டுங்கள். நடந்துகொண்டே இருக்கும் குதிரையால் எழ முடியாது, எழுவதற்கு அது முதலில் நின்றாக வேண்டும். துள்ளுவது வேறு. அதற்குத் தலையைக் கீழே இறக்க வேண்டும், அதனால் ஒரு பக்க லகானை மட்டும் உயர்த்திப் பிடித்துத் தலையைப் பக்கவாட்டில் கொண்டுவந்து, முன்னே போகச் சொல்லுங்கள்.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, புதுக் குட்டி மாதிரி தரையிலிருந்து தொடங்குங்கள். கயிற்றில் பிடித்து நடத்துவது, நிறுத்துவது, ஒரு அடி பின்வாங்குவது, விலாவில் விரல் வைத்தால் பின்புறத்தை நகர்த்துவது. கேட்டதைச் செய்த அந்தக் கணமே கயிறு தளர வேண்டும். குதிரை இழுப்பிலிருந்து கற்பதில்லை, இழுப்பு விட்டுப்போவதிலிருந்துதான் கற்கிறது. நீங்கள் இரண்டு தடவை விழுந்தபோது அது என்ன கற்றது தெரியுமா? எழுந்தால் பாரம் இறங்கும் என்று! அடுத்து, இரண்டு நீளக் கயிறுகளைப் பிடித்துப் பின்னால் நடந்து, 'ஹை' என்ற குரலுக்கு முன்னே போகவும் 'ஹோ' வுக்கு நிற்கவும் பழக்குங்கள். தோட்டத்து வரப்பு, தெரு, பஸ் வரும் ரோட்டோரம் என்று கூட்டிப் போங்கள். நான் இதில் மட்டும் ஆறு வாரம் செலவு செய்வேன். வட்டத்தில் ஓட்டுவதைக் கால் மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், சின்ன வட்டமும் வேண்டாம், மூட்டு தாங்காது.

சேணத்தை மறுபடி வைக்கும்போது முதலில் துணி, அப்புறம் வெறும் சேணம், வாரை ஒவ்வொரு துளையாக, நடுநடுவே நடத்தி நடத்தி இறுக்குங்கள். நாலு வயது முடிந்த பிறகு, 50 கிலோவுக்குள் இருக்கும் அனுபவப்பட்ட ஒருவர் முதலில் மூட்டை மாதிரி குறுக்கே படுக்கட்டும், இறங்கட்டும். அப்புறம் உட்காரட்டும். ஒருவர் முன்னால் பிடித்து நடத்த, ஐந்து நிமிடம் போதும். நீங்கள் ஏறுவது பற்றி அது முழுதாக வளர்ந்த பிறகு, அப்போதைய எடையை அளந்து பார்த்துப் பேசலாம். அதுவரை நீங்கள்தான் அதைப் பிடித்து நடத்துகிறவர், அதற்கு அந்த வேலையும் முக்கியம்.

இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லையென்றால் காயடிப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நம் ஊரில் தயங்குகிறார்கள், ஆனால் பக்கத்தில் பெண் குதிரை கனைத்தாலே எழும் குட்டிக்கு அது பெரிய உதவி.

சுழி பற்றி மாமாவிடம் சண்டை போட வேண்டாம். என் தாத்தாவும் சுழி பார்த்துத்தான் வாங்குவார். ஆனால் அவர் முடியின் சுழியைப் பார்த்த பிறகு பல்லையும் முதுகையும் குளம்பையும் தொட்டுப் பார்க்காமல் காசைக் கொடுத்ததில்லை.

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை ஒன்றை எடுத்திருக்கிறேன். ஏறும்போது நிற்பதே இல்லை. லகானை இழுத்தால் இன்னும் வேகமாகப் போகிறது.
வாசகி, சென்னை

பதில்: அது சொல்பேச்சு கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள் அம்மா, முன்பு சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்கிறது. பந்தயத்தில் ஜாக்கியை நடந்துகொண்டிருக்கும் குதிரை மேலேயே தூக்கி ஏற்றிவிடுவார்கள், நிற்கப் பழக்கமே கிடையாது. இழுத்துப் பிடித்த கடிவாளத்தில் சாய்ந்துகொண்டு ஓடுவதும் அங்கே கற்றதுதான். அதனால் தொடர்ந்து இழுக்காதீர்கள். இழு, விடு, இழு, விடு என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள், பெரிய வட்டத்தில் திருப்புங்கள். ஏறும் மேடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஏறாமலே ஐந்து நிமிடம் நிற்க வைத்து, ஒரு பிடி புல் கொடுத்துக் கூட்டி வாருங்கள். இரண்டு மூன்று மாதம் ஆகும்.

கேள்வி: 13 வயது மகள் குதிரையேற்றம் கற்கிறாள். பைக் ஹெல்மெட் போதுமா?
வாசகர், கோவை

பதில்: போதாது. அது கனம், கழுத்தை இழுக்கும், பக்கவாட்டுப் பார்வையையும் மறைக்கும். குதிரையேற்றத்துக்கென்றே செய்த, தாடைப்பட்டை உள்ள ஹெல்மெட் வாங்குங்கள். ஒரு தடவை பலமாக அடிபட்டால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். காலணிக்குச் சின்னக் குதி கட்டாயம். இல்லாவிட்டால் விழும்போது கால், மிதித்து ஏறும் வளையமான அங்கவடிக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும், குதிரை இழுத்துக்கொண்டு ஓடும்.